தண்ணீர்ச் செய்தியில் தண்ணீர் எங்கே?

(வெள்ளவத்தையில் நடைபெற்ற வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



காவிரியிலே நமக்கு ஒரு துளி நீருக்கும் பாத்தியம் இல்லை. ஆயினும் காவிரிப் பிரச்சினை எழும்போதெல்லாம் வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி விடிய விடிய ஓடுகிறது. மறுநாட் காலையில் நம்மவர் கொதிப்போடு பேசுகின்றனர். தமிழன் அங்கும் அடிபடுகிறான் என்பது அந்தப் பேச்சின் சாரம். அந்தக் கொதிப்பு தவறென்று நாம் கூற வரவில்லை. 1983 யூலையில் இந்தத் தெருக்களிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கண்ட கண்கள் இச்சபையிலும் இருக்கின்றன. எரியும் பஸ்ஸைத் திரையிற் காணும்போது அக்கண்கள் வேறெதைக் காணும்?

ஆனால் கொதித்தவரிடம் நாம் ஒரு கேள்வி கேட்டோம். அன்று கர்நாடகம் திறக்க வேண்டியிருந்த நீர் எவ்வளவு? திறந்தது எவ்வளவு? விடை சொன்னவர் ஒருவரும் இல்லர். பட்டதாரிகளுக்கும் தெரியவில்லை; நாள்தோறும் மூன்று பத்திரிகை வாசிப்பவருக்கும் தெரியவில்லை. அவர்கள் வாசித்த செய்தியில் அந்தக் கணக்கு இருக்கவில்லை. தண்ணீரைப் பற்றிய செய்தியிலே தண்ணீர் இல்லாமற்போனது எப்படி என்பதைத்தான் இன்று ஆராய விரும்புகிறோம்.

2016 செப்டெம்பரை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. செப்டெம்பர் 5 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், பத்து நாட்களுக்கு விநாடிக்கு 15,000 கன அடி வீதம் தமிழ்நாட்டுக்கு நீர்விடும்படி கர்நாடகத்துக்குக் கட்டளையிட்டது. 9 ஆம் திகதி கர்நாடகத்தில் முழு அடைப்பு. 12 ஆம் திகதி நீதிமன்றம் அளவை 12,000 கன அடியாகக் குறைத்து, காலத்தை 20 ஆம் திகதிவரை நீட்டியது. அன்றே பங்களூர் எரிந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த தனியார் நிறுவனமொன்றின் முப்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் தரிப்பிடத்திலேயே சாம்பலாயின. பதினாறு பொலிஸ் நிலையப் பிரிவுகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. கலவரத்தில் இருவர் உயிரிழந்தனர்.

தீ எங்கிருந்து பற்றிற்று? பங்களூரில் ஒரு மாணவனைச் சிலர் அடித்த ஒளிப்படமும், இராமேசுவரத்தில் கர்நாடகத்திலிருந்து வந்த ஒருவரை அறைந்த ஒளிப்படமும் கைத்தொலைபேசிகளிற் பரவின. தொலைக்காட்சிகள் அவற்றை எடுத்துத் திரும்பத் திரும்பக் காட்டின. சென்னையிலே கர்நாடகத்தவர் நடத்தும் ஹோட்டலொன்றின்மீது பெற்றோல் குண்டு வீசப்பட்டது. அந்தக் காட்சியும் அவ்வாறே ஓடிற்று. ஓர் அறை நூறு முறை காட்டப்பட்டால், பார்ப்பவன் மனத்தில் நூறு பேர் அறையப்பட்டார்கள். ஈற்றில் இந்திய ஒலிபரப்பு அமைச்சே தொலைக்காட்சிகளுக்கு நிதானம் பேணுமாறு அறிவுறுத்தல் விடுக்க வேண்டியதாயிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டார் டி.எம்.சி. என்று சொல்வது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 15,000 கன அடி ஒரு முழுநாள் ஓடினால் ஏறத்தாழ 1.3 டி.எம்.சி. பத்து நாட்களுக்கு 13. இந்த எண் நம் மனத்தில் எதையும் தோற்றுவிக்காது. வன்னிக் கமக்காரருக்கு விளங்கும் அளவையாற் சொல்லுவோம். நமது இரணைமடுக் குளம் அணைக்கட்டு உயர்த்தப்பட்ட பின்னர் நிரம்பி நின்றால் 148 மில்லியன் கன மீற்றர். அதாவது ஐந்தே கால் டி.எம்.சி. ஆகவே நீதிமன்றம் முதலில் விடச் சொன்னது ஏறத்தாழ இரண்டரை இரணைமடு. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; பதினெட்டு இரணைமடுவுக்குச் சற்றுக் குறைவு. பதினெட்டுக் குளம் கொள்ளும் அணைக்கு இரண்டரைக் குளத்து நீர் வருகிறது. அதை நம்பித்தான் தஞ்சைக் கமக்காரன் சம்பா நாற்றுப் போடுவதா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்து நிற்கிறான். வழமையாக யூன் 12 இல் திறக்க வேண்டிய மேட்டூர் அவ்வாண்டு செப்டெம்பர் 20 இலேதான் திறக்கப்பட்டது. குறுவை போயிற்று. இந்த மூன்று வரிகளைச் சொல்ல எந்தத் தொலைக்காட்சிக்கும் ஒரு நிமிடத்துக்கு மேற் செல்லாது. ஆயினும் அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

ஒரே கட்டளையை மூன்று ஊர்கள் மூன்று விதமாக வாசித்தன. டில்லி ஆங்கிலப் பத்திரிகைக்கு அது “தண்ணீர்ப் போர்”. போர் என்று பெயரிட்டுவிட்டால் இரு தரப்பும் சமம்; நியாயம் யாருக்கென்று ஆராயும் தொல்லை இல்லை. 1990 யூனில் நடுவர் மன்றம் அமைந்ததும், அதன் 1991 இடைக்காலத் தீர்ப்பு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்றதும், 2007 பெப்ரவரியில் இறுதித் தீர்ப்பு வந்ததும், அது அரசிதழில் ஏற 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்ததும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. இரு பிள்ளைகள் பொம்மைக்கு அடிபடுவதைப் பார்க்கும் பெரியவரின் சலிப்பு ஒன்றே எஞ்சுகிறது.

பங்களூருக்கு அது “நமது நீர் பறிபோகிறது” என்ற ஓலம். நகரத்துக் குடிநீர்க் குழாயையும் மண்டியா மாவட்டத்துக் கரும்பு வயலையும் ஒன்றாக்கி, இரண்டும் தமிழனால் வறள்கின்றன என்று காட்டினர். மண்டியாக் கமக்காரனுக்கும் அவ்வாண்டு பயிர் கருகியது மெய். அவனது வாய்க்காலுக்கும் பங்களூர்க் குழாய்க்கும் இடையில் ஒரு வழக்கு உண்டென்பதை அவனது மொழிப் பத்திரிகைகளே ஓங்கிச் சொல்லவில்லை. வெளிமாநிலத்தான் ஒருவன் இருக்கும்போது உள்வீட்டு வழக்கை யார் பேசுவார்?

சென்னையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். நாம் நம்பி வாசிப்பது அதைத்தானே. தமிழ்நாட்டின் பெரிய தொலைக்காட்சிகளிற் பல கட்சிகளுக்கோ கட்சித் தலைவர்தம் குடும்பங்களுக்கோ நெருங்கியவை. இதனால் ஒரே தீர்ப்பு ஒரு திரையில் வெற்றி, மறு திரையில் துரோகம். நடுவர் மன்றத்தை 1990 இல் வி. பி. சிங் அரசாங்கம் அமைத்தபோது தமிழ்நாட்டின் முதலமைச்சர் கருணாநிதி. இறுதித் தீர்ப்பு 2013 இல் அரசிதழில் ஏறியபோது முதலமைச்சர் ஜெயலலிதா; தஞ்சாவூரில் விழா எடுத்து அவருக்குப் “பொன்னியின் செல்வி” என்று பட்டமும் சூட்டினர். இரண்டும் நடந்தவையே. எனினும் ஒரு தரப்புத் தொலைக்காட்சியை மட்டும் பார்த்தவருக்கு மற்றது நடக்கவே இல்லை. பட்டம் சூட்டிய மேடைக்கு எத்தனை ஒளிப்படக் கருவிகள்! வாய்க்காற் கடைமடைக்கு எத்தனை? இதை நாம் தமிழ்நாட்டார்மீது பழியாகச் சொல்லவில்லை. பத்திரிகை யாருடைய அடுப்பில் வேகிறதோ அந்த வீட்டுச் சுவை அதற்கு இருக்கும். உண்பவர் அறிந்து உண்ண வேண்டும்.

எலியும் செருப்பும் நடிகரும்

2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. காவிரிப் படுகையில் கமக்காரர் உயிர்விட்ட செய்திகள் நாளுக்கு நாள் வந்துகொண்டிருந்தன. மார்ச் 14 ஆம் திகதி, திருச்சி வழக்கறிஞர் அய்யாக்கண்ணு தலைமையில் கமக்காரர் டில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி, காவிரி மேலாண்மை வாரியம் என்பன அவர்களின் கோரிக்கைகளிற் சில. நாட்கள் நகர்ந்தன, எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டையோடுகளை மாலையாக அணிந்தனர். எலியைப் பல்லிடையே கடித்தனர். அப்போதுதான் டில்லிக்கு அவர்கள் தென்பட்டார்கள். நாற்பத்தொரு நாள் இருந்து ஏப்பிரல் 23 இல் எழுந்தார்கள். உலகெங்கும் போன ஒளிப்படத்தில் எலி இருந்தது; எலியைக் கடித்தவன் எத்தனை ஏக்கருக்குச் சொந்தக்காரன், எந்த வாய்க்காலில் இருக்கிறான், எத்தனை போகம் இழந்தான் என்பவை இல்லை. “விசித்திரப் போராட்டம்” என்று தலைப்பிட்டுவிட்டு, கோமாளித்தனம் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. நேராகப் பேசினாற் காது கொடாதவர், வித்தை காட்டினால் வித்தைக்காரன் என்கிறார். கமக்காரன் வேறென்ன செய்வான்?

2018 ஏப்பிரலில் மேலாண்மை வாரியத்தைக் கோரித் தமிழ்நாடு முழுவதும் மறியல். 10 ஆம் திகதி சென்னைச் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம்; வெளியே ஆர்ப்பாட்டம்; உள்ளே மைதானத்தை நோக்கி ஒரு செருப்புப் பறந்தது. எஞ்சிய ஆட்டங்கள் புனே நகருக்கு மாற்றப்பட்டன. அடுத்த சில நாட்களின் தேசியச் செய்தி கிரிக்கெட்டுக்கு நேர்ந்த அநீதிதான். 2023 செப்டெம்பரில் விநாடிக்கு 5,000 கன அடி வீதம் நீர்விடும் ஆணையை எதிர்த்துப் பங்களூரிலும் பின்னர் கர்நாடகம் முழுவதிலும் கடையடைப்பு நடந்தபோது, நடிகர் சித்தார்த்தின் பத்திரிகையாளர் சந்திப்பை ஆர்ப்பாட்டக்காரர் குழப்பினர். உடனே தலைப்புச் செய்தி நடிகர். ஐயாயிரம் கன அடி நியாயமா அல்லவா என்பதை அவர் படம் வெளியாகும் நாளோடு சேர்த்து நாமும் மறந்தோம்.

இப்படி மறந்ததிலே மிகப் பெரியதைச் சொல்லுகிறோம். 2018 பெப்ரவரி 16 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் எல்லையிலே, பிலிகுண்டுலுவில் அளந்து விடவேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75 இல் 4.75 பங்களூரின் குடிநீருக்கு. இது எல்லாத் தலைப்புகளிலும் வந்தது. மீதிப் பத்து எங்கே போயிற்று? காவிரிப் படுகையில் தமிழ்நாட்டுக்கு நிலத்தடி நீர் உண்டு, அதிற் பத்து டி.எம்.சி.யைக் கணக்கிற் சேர்க்கலாம் என்று நீதிமன்றம் கழித்தது. யாழ்ப்பாணத்தார் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவர். கிணற்றில் நீர் உண்டென்பதால் ஆற்று நீர் வேண்டாம் என்றால், கிணறு உவராகும் நாளில் யாரிடம் போவது? நாகபட்டினக் கரையோரத்தில் நிலத்தடி நீர் உப்பேறியிருப்பது அங்குள்ள எந்தக் கமக்காரனைக் கேட்டாலும் தெரியும். பத்து டி.எம்.சி. என்பது இரண்டு இரணைமடு. அத்துணை நீர் ஒரு வாக்கியத்திற் கழிந்தது. அந்த வாக்கியத்தை அலசிய கட்டுரைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதற்கு எரிவதற்குப் பஸ் இல்லை, பறப்பதற்குச் செருப்பு இல்லை.

அதே 2018 இன் ஓகஸ்ட் மாதத்தில் காவிரி பெருக்கெடுத்து, மேட்டூர் நிரம்பி, வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலிற் கலந்தது. 22 ஆம் திகதி இரவு முக்கொம்பில், ஆர்தர் கொட்டன் 1830 களிற் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஏப்பிரலில் நீரில்லை என்று மறியல். ஓகஸ்டில் வந்த நீரைத் தேக்க இடமில்லை. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துக் கேட்கும் பத்திரிகை சென்னை அரசாங்கத்தையும் கேள்வி கேட்க நேரிடும். அது பங்களூரைத் திட்டுவதைப்போல எளிய காரியம் அல்ல.

இனி நம் வீட்டுக்கு வருவோம்

பிறர் பத்திரிகையின் கோணலைக் காண்பது சுலபம். நம் நாட்டில் நீர்ச் செய்தி எவ்வாறு எழுதப்பட்டது? 2006 யூலையில் மாவிலாற்றுத் துருசு விடுதலைப் புலிகளால் மூடப்பட்டது. ஏறத்தாழப் பதினையாயிரம் குடும்பங்களின் வயல்கள் காய்ந்தன. அவற்றிற் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் இருந்தனர். தென்னிலங்கைப் பத்திரிகையை வாசித்தவருக்கு அங்கே தாகித்தவர் சிங்களவர் மட்டுமே. தமிழ்ப் பகுதிகள் நீர்த்திட்டம் கேட்டுக் காத்திருந்த கதை அவருக்கு எட்டவில்லை. நம்மவரிற் பலர் அந்தக் கதையை மட்டும் வாசித்தோம்; காய்ந்த வயல் நம் கண்ணிற் படவில்லை. ஓகஸ்டில் நீர் மீண்டும் ஓடியது. யுத்தமும் ஓடத் தொடங்கிற்று.

இது இனச் சாயல் மட்டுமே என்றும் எண்ணவேண்டாம். 2013 ஓகஸ்ட் முதலாந் திகதி வெலிவேரியாவில் சுத்தமான குடிநீர் கேட்டுத் தெருவில் நின்ற மக்கள்மீது இராணுவம் சுட்டது; மூவர் மாண்டனர். மாண்டவர் சிங்களவர். அரச தரப்பு விளக்கத்தில் முன்னுக்கு வந்தது கூட்டத்தின் வன்முறையே. கிணற்று நீர் பின்னுக்குப் போயிற்று.

இரணைமடுவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். இங்கே வழக்காளிகள் இருவரும் தமிழர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லிற் தேங்கும் மழைநீரே கதி. உரமும் மலக்குழிக் கசிவும் அந்நீரைக் கெடுத்தன. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கொடுமையும் நேர்ந்தது. எந்திரி ஆறுமுகம் 1950 களிலேயே “யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு” என்று, ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கத் திட்டம் வரைந்தார். அது இன்றளவும் முழுமை பெறவில்லை. பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் அங்கீகரித்த நீர்வழங்கற் திட்டத்தின்படி, இரணைமடு அணைக்கட்டை இரண்டு அடி உயர்த்தி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 27,000 கன மீற்றர் நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டு செல்வதாக இருந்தது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர்.

இங்கு நடந்ததைக் கவனியுங்கள். பெரிய தமிழ் நாளேடுகள் அச்சாகும் இடங்கள் யாழ்ப்பாணமும் கொழும்பும். வாசகரிற் பெரும்பாலோரும், எழுதுவோரிற் பெரும்பாலோரும், விளம்பரம் கொடுப்போரும் யாழ்ப்பாணத்தார். அவர்களின் தாகம் அவர்களுக்குத் தெரியும். இருபத்தோராயிரம் ஏக்கர் வயலின் தாகம் கேள்விச் செய்தி. குடிநீருக்குத் தடை நிற்கும் கல்நெஞ்சர் என்று வன்னியாரைப் பேசியோரை இந்த வெள்ளவத்தையிலேயே கேட்டிருக்கிறோம். மறுபுறத்தில், யாழ்ப்பாணத்தார் வன்னியை விழுங்க வருகிறார்கள் என்று மேடையேறிய அரசியல்வாதிகளும் இருந்தார்கள். மண்டியாவும் தஞ்சையும் இதைவிட வேறாகவா பேசின?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 27,000 கன மீற்றர் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி. நிரம்பிய குளம் பதினான்கு கோடியே எண்பது இலட்சம். ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் யாழ்ப்பாண உத்தியோகத்தர், இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார். கமக்காரர் கேட்பது வேறு: குளம் நிரம்பாத ஆண்டில் என்ன செய்வீர்கள்? கனகராயன் ஆறு ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் நீர் போதாது. ஆண்டுக்காண்டு முறைவைத்தே ஒரு பகுதி விதைக்கப்படுகிறது. நல்ல ஆண்டின் சராசரியைக் காட்டிக் கெட்ட ஆண்டின் நீரை எடுக்கலாகாது என்பதே அவர்களின் வாதம். காவிரியின் முழு வழக்கும் இந்த ஒரு கேள்விதான். நல்ல மழை ஆண்டில் கர்நாடகமும் தமிழ்நாடும் சண்டையிடுவதில்லை. பற்றாக்குறையை எந்த விகிதத்தில், எந்த மாதத்தில், யார் அளந்து பகிர்வது என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது. அங்கும் அதைப் பத்திரிகைகள் எழுதவில்லை. இங்கும் நாம் எழுதவில்லை.

2013 இல் தெரிவான வடமாகாண சபையிலும் இவ்வழக்குக் கொதித்தது. பின்னர் குளத்து நீரைக் கொண்டுசெல்வது கைவிடப்பட்டு, தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைப்பதென முடிவாயிற்று. அது 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கே கடற்றொழிலாளர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் சொன்ன காரணத்தை இச்சபையில் எத்தனை பேர் வாசித்தீர்கள் என்று கேட்டால், கைகள் அதிகம் உயரா.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளை நாம் குறைகூறினோம். ஒரு நல்ல வழக்கத்தையும் சொல்லவேண்டும். மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரவு, வெளியேற்றம் என்னும் மூன்றையும் அங்குள்ள ஏடுகள் கலவரம் இல்லாத நாளிலும் அச்சிடுகின்றன. தஞ்சைக் கிராமத்துத் தேநீர்க் கடையிலே அந்தச் சிறு கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நமது நீர்ப்பாசனத் திணைக்களமும் குளங்களின் மட்டத்தை அளந்து பதிகிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, கட்டுக்கரை ஆகிய குளங்களின் மட்டத்தை, தங்கம் விற்கும் விலைக்குப் பக்கத்தில், நாள்தோறும் மூன்று வரியில் வெளியிடுமாறு தமிழ் நாளேடுகளின் ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் வரைந்திருக்கிறோம். கிளிநொச்சியிலிருந்து வந்தவர்கள் அதிற் தங்கள் குளங்களின் பெயர்களையும் சேர்க்கும்படி கேட்டிருக்கிறார்கள். கரியாலை நாகபடுவான், அக்கராயன் ஆகிய பெயர்கள் இப்போதே எழுதப்பட்டாயிற்று. பிரதி வாசலருகே மேசையில் இருக்கிறது. கையொப்பமிட விரும்புவோர் இடலாம். கேள்வி கேட்க விரும்புவோர் இப்போது எழுந்து கேட்கலாம். கமக்காரருக்கு இரவு பஸ் இருப்பதால் அவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.